பூட்டிய அறையிலிருந்து வந்த செல்லோ

அன்பு யோஹன் மாமா,

விருத்தாசலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெர்மன் மொழியில் வெயிலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் கோடை இது.

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போன செலின் அக்கா அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்ததும் அப்பா சாப்பாட்டை ஒதுக்கினார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கிற பெரிய வயலின் என்று அவள் எழுதியதும் காபியையும் ஒதுக்கிவிட்டார். நீங்கள் பெரிய இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர், பள்ளியில் கற்றுக்கொடுத்தவர், சொந்தமாக இசை எழுதியவர் என்பதெல்லாம் அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

ஓய்வு பெற்று நீங்கள் இருவரும் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த பிறகுதான் அக்காவுக்கு ஆசை வந்தது. அங்கே இருந்தவரை செல்லோவின் வில்லைக்கூடத் தொடாதவள், அறுபது வயதில் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றாள். அவளுடைய இடது கை மோதிர விரல் மடங்காது. அந்த விரல் தேவைப்படாத ஒரு இசையை அவளுக்கென்றே எழுதினீர்கள். எத்தனையோ மேடைகளுக்கு எழுதியவர் கடைசியாக எழுதியது அதுதான். அதில் உங்களுக்கு வருத்தம் இருந்ததா, மாமா?

நீங்கள் போனதும், வருஷம் திரும்பும்வரை துக்க வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா மறுபேச்சுப் பேசாமல் செல்லோவைச் சின்ன அறையில் வைத்துப் பூட்டினாள். டிவிக்கும் அதே சட்டம்தான். சீரியல் ஓடும் நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் அது மறந்துவிடும்.

போன மாதம் உங்கள் மகன் ஜெர்மனியிலிருந்து போன் செய்தான். அம்மா என்னோடு வந்துவிடட்டும், செல்லோவை அப்பா கற்றுக்கொடுத்த பள்ளிக்கே கொடுத்துவிடலாம் என்றான். அக்கா சரியென்றாள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசிக்கலாம் என்று அறையைத் திறந்து வில்லை இழுத்தாள். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"அவரோட இதுவும் போயிடுச்சுடா."

நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கோடை வந்தால் நீங்கள் செல்லோவின் விளிம்பெல்லாம் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பீர்களே, அது ஞாபகம் வந்தது. சூளையிலிருந்து இறக்கிய ஜாடிகளில் விரிசல் இருக்கிறதா என்று நாங்களும் அப்படித்தான் தட்டிப் பார்ப்போம், பேசாமல் என் செராமிக் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிடுங்கள் என்று கிண்டல் செய்வேன். அதேபோல் தட்டிக்கொண்டே போனேன். கீழே ஓரிடத்தில் சத்தம் மங்கியது. பூட்டிய அறையின் சூட்டில் பலகைகளை ஒட்டிய பசை விட்டிருந்தது, அவ்வளவுதான். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுச்சேரியில் வயலின் பழுது பார்க்கிற ஒருவரைத் தேடிப்பிடித்து ஒட்டி வாங்கிவந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

நேற்றுச் சாயங்காலம் அக்கா, நீங்கள் அவளுக்கென்று எழுதியதை வாசித்தாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அத்தை மாடியேறி வந்து, இன்னும் வருஷம் திரும்பவில்லையே என்றார். அக்கா வில்லை நிறுத்தவில்லை.

"நான் அவர நெனச்சு அழுவுறது இப்பிடித்தாங்க அத்தை."

அத்தை படியில் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும் அக்கா மகனுக்குப் போன் போட்டு, தானும் வரப்போவதில்லை, செல்லோவும் வராது என்று சொல்லிவிட்டாள். அவனுக்குக் கோபம். ஆறிவிடும்.

வாசிப்பு எப்படி இருந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? சுமார்தான். நடுவில் இரண்டு இடத்தில் வழுக்கியது. ஆனாலும் கைதட்டப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிடாத. அவரு ஒரு நாளும் அப்பிடிச் சொன்னதில்ல. அதனாலதான் மறுநாளும் வாசிச்சேன்."

சொல்ல மாட்டேன், மாமா. அவள் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சொல்லவே மாட்டேன்.

உங்கள் மச்சான்,
ஆரோக்கியம்