அரைகுறையாகக் கழுவிய மூன்று தட்டுகள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கை நடுக்கம் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் உன் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்திருந்தது. கவலையாக இருக்கிறது.

இங்கே ஆய்வகத்தில் ஒரு கூத்து. மூளையின் நரம்பு செல்களைத் தட்டில் வளர்க்கிறேன் அல்லவா? கூடவே ஒட்டிக்கொண்டு வரும் துணைச் செல்களை அழுக்கு என்று கழுவி விட்டுவிடுவேன். பிறகு, உன் நடுக்குவாத நோயில் வாடுவது போல நரம்பு செல்களை வாட வைப்போம். பளிச்சென்று கழுவிய தட்டுகளில் எல்லாம் செத்துப்போயின. சோம்பலில் நான் அரைகுறையாகக் கழுவிய மூன்று மட்டும் பிழைத்தன! "நீ பாத்திரம் கழுவுற லட்சணம்" என்பாயே, அதே லட்சணம்தான்.

அந்த மூன்றில் கழுவாமல் மிஞ்சியிருந்த துணைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு, அதாவது செல்லுக்குள் இருந்து ஆற்றல் தரும் துணுக்குகளுக்கு, சிவப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். அக்கா, துணைச் செல்லிலிருந்து மயிரிழையை விட மெல்லிய குழாய் ஒன்று நீண்டு, அதன் வழியே சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வாடிய செல்லுக்குள் போயின. தன்னுடையதையே எடுத்துக் கொடுக்கிறது! டீ ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியவில்லை.

உன் தங்கை

மார்ச் 15

செல்லத் தங்கைக்கு,

இரண்டு தரம் படித்தேன். என் மண்டைக்குள்ளும் இப்படி நடக்கிறதா? இத்தனை வருஷம் எனக்கே தெரியாமல்!

தையல் கடையில் ஒரு சட்டைக்குப் பட்டன் வைக்க ஒரு நாள் முழுக்க ஆகிறது. ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன் என்று உன் அத்தான் வந்தார். "என் கை இன்னும் விழுந்துடல"ன்னு பிடுங்கிக்கொண்டேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை.

நேராகவே கேட்கிறேன். இது மருந்தாக எப்போது வரும்? என் கைக்கு வந்து சேருமா? பூசி மெழுகாதே.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். தட்டில் நடப்பது எலியிடம் நடக்க வேண்டும். பிறகு மனிதருக்குக் கெடுதல் இல்லை என்று தெரிய வேண்டும். பல வருஷம் ஆகும், வராமலே போகலாம். உன் கைக்கு வந்து சேரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துவிடு.

இன்று காலையும் பார்த்தேன். சிவப்புப் புள்ளிகளை வாங்கிக்கொண்ட செல் மறுபடி கிளை விட்டிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் கண் கலங்குகிறது.

உன் தங்கை

ஏப்ரல் 5

செல்லத் தங்கைக்கு,

எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் அத்தான். (பிழை இருந்தால் எனக்குப் பொறுப்பில்லை. – அத்தான்)

அழுதேன். ஆனாலும் நீ மறைக்காமல் எழுதியதில் ஒரு நிம்மதி. அப்புறம் யோசித்தேன். இந்த மனுஷனை நானும் அழுக்கு மாதிரி கழுவி விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். (ஆமாம். – அத்தான்)

இப்போது காலையில் பத்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். நடுக்கம் குறையவில்லை. ஆனால் நேற்று இரண்டு சட்டைகள் முடித்தேன்.

அந்தச் சிவப்புப் புள்ளிகள் போவதை எனக்கு ஒரு நாள் காட்டு. மருந்துக்காக இல்லை, சும்மா பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. கையெழுத்து மட்டும் நானே போடுகிறேன்.

அக்கா

(இந்த ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. தாளை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். – அத்தான்)