அம்மாவின் கை எட்டிய கோடு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா முக்கால் நலம், அங்கே நீயாவது முழு நலமாக இருக்க வேண்டும். தோள் சரியாகிவிட்டது என்று அம்மா போனில் சொன்னதை நம்பாதே. பைக் இடித்துத் தோள் முறிந்து மூன்று மாதம் ஆகிறது, எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை மேலே எழ மாட்டேன் என்கிறது. மருந்துக்கடையில் அவள் நாளெல்லாம் எட்டி எடுப்பது மேல் தட்டிலிருந்துதான், உனக்கே தெரியும். மாதக் கடைசிக்குள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் பெண் வருகிறாள், மற்ற நாட்களில் தேய்த்துவிடுவது என் பொறுப்பு. முதல் வாரமே சொதப்பினேன். முப்பது வருஷம் பேக்கரியில் மாவு பிசைந்த கை இல்லையா, அதே பழக்கத்தில் உள்ளங்கையை ஊன்றி அழுத்திவிட்டேன், மறுநாள் தோள் வீங்கிவிட்டது. உன் அம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் பார்த்துவிட்டு, இது பன்னுக்குப் பிசையற மாவு இல்லைங்க சார், வலிக்குதான்னு கேட்டுக் கேட்டுத் தொடணும் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது இரண்டே விரலால், எண்ணெய் தொட்டு, அடிபட்ட தழும்பைச் சுற்றி மெதுவாகத் தேய்க்கிறேன், காலையும் மாலையும் அரை அரை மணி. உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டதப்பா. வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை. அவள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள், அதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிடும்.

தேய்த்து முடித்ததும் அவள் கதவு நிலையைப் பிடித்து விரல்களை மேலே மேலே ஏற்ற வேண்டும், வருஷா வருஷம் உன் உயரத்துக்குக் கோடு போட்டோமே, அதே நிலைதான். போன வாரம் ஐந்தாம் வகுப்புக் கோட்டைத் தொட்டாள், நேற்று எட்டாம் வகுப்பு. நீ ஊரைவிட்டுப் போன அன்று போட்ட கடைசிக் கோடும் கடையின் அந்த மேல் தட்டும் ஒரே உயரம், அளந்து பார்த்திருக்கிறாள். நேற்று அண்ணாந்து அதைப் பார்த்து, இவன் எதுக்குத்தான் இவ்வளவு வளந்து தொலைச்சானோ என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அடிபட்ட அன்றுகூட அவள் அழவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, பைக்கில் போனால் பார்த்துப் போ, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே, போனில் தோள் எப்படி இருக்கு என்று கேட்காதே, அதற்குப் பொய் தயாராக வைத்திருக்கிறாள். எத்தனாவது படிக்கிறே என்று கேள். நான் போட்டுக்கொடுத்தது தெரிந்து என்னைத் திட்டுவாள், திட்டட்டும்.

இப்படிக்கு,
எண்ணெய்க் கையோடு அப்பா