மத்த மூணு மூலை

28.11.2002, வியாழன்

இன்று அம்மாவிடம் ரொம்பக் கத்திவிட்டேன். அமெரிக்காவில் ஐ.டி. மாஸ்டர்ஸ் விண்ணப்பத்துக்கான மார்க் ஷீட்டைக் கல்லூரியில் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். பிரித்தால் செல்லாது. அம்மா பிரித்து, தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள்.

"சாமிகிட்ட வெக்கத்தாண்டி பிரிச்சேன்" என்றாள். தொம்மலூரில் பஸ் ஏறும்வரை அழுதேன்.

கல்லூரி அலுவலக கிளார்க் மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அரிஷினா?" என்று கன்னடத்தில் கேட்டார். மஞ்சள்தான் மேடம் என்றேன். சிரித்துவிட்டார். அரை மணியில் புதுத் தாள், புதுக் கவர், புது முத்திரை. அப்போதுதான் உயிர் வந்தது. "இத அம்மா கண்ணுல காட்டாதம்மா" என்று தமிழிலேயே சொல்லிக் கவரை நீட்டினார்.

வீட்டில் அம்மா கவர் பக்கமே வரவில்லை. சோறு போட்டுவிட்டு டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் கூரியர் கவருக்குள் வைத்து ஒட்டி, வெளியே ஒரு மூலையில் நானே மஞ்சள் வைத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"மத்த மூணு மூலை என்னடி பாவம் பண்ணுச்சு?"