பட்டத்தில் உங்கள் பெயர்

தாராவி, மும்பை

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டுவலியும் வாப்பாவின் இருமலும் குறைந்திருக்க துஆ செய்கிறேன். நான் சுகம்.

உம்மா, நான் எம்.பி.ஏ. முடித்துவிட்டேன். வாஷி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் மூன்று வருடம் படித்தது நேற்று நிறைவடைந்தது. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது வடாலா ஸ்டேஷனில் வழுக்கிக் கால் லேசாகப் பிசகியது. இப்போது நன்றாக நடக்கிறேன்.

தாராவியில் வீட்டிலிருந்தே பை தைத்து விற்கும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. தேர்வாளர், "பெரிய கம்பெனியை எடுத்திருக்கலாமே, இதெல்லாம் பிசினஸா?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "சார், துணி வாங்குறது, ஆள் வச்சுத் தைக்கிறது, விலை பேசுறது எல்லாம் இவங்கதான். பிசினஸ் இல்லன்னா இதுக்கு வேற என்ன பேரு?" அவர் சிரித்துக்கொண்டே எழுந்து கைகொடுத்தார்.

அந்தப் பெண்களில் ஒருவரான பக்கத்து வீட்டு மர்யம் மாமி, "ஏட்டி, அப்போ நானும் முதலாளிதானா?" என்று கேட்டுத் தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தார்.

பட்டமளிப்பு விழாவுக்கு உங்கள் இருவருக்கும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். வரும்போது உங்கள் பழைய போர்வை ஒன்று கொண்டுவாருங்கள். இங்கே வாங்கியதில் உறக்கம் பிடிக்கவில்லை.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. இங்கே பட்டத்தில் தாயின் பெயரையும் அச்சிடுவார்கள் உம்மா. உங்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
ஃபர்ஸானா