உன் டிஸ்ட்ரிபியூட்டர் மறுபடி மலை இறங்குகிறது

மூடியைத் திறந்ததும் கருகிய கிரீஸ் வாசனை குப்பென்று வந்தது. நேற்று உன் மகள் குன்னூரில் என் பட்டறைக்கு வந்து, துணியில் சுற்றி வைத்திருந்த டிஸ்ட்ரிபியூட்டரை மேசையில் வைத்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, உன்னுடையது. நசுங்கிப்போன உன் காரிலிருந்து முழுசாகக் கிடைத்தது இது ஒன்றுதான். பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும் உன் வீட்டு பீரோவில் இருந்ததாம்.

"அப்பாவோடதுங்க மாமா. என்ற வண்டிக்கு இதையே போட்டுக் குடுங்க. ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்ல ரேஸுங்க" என்றாள். அப்படியே உன் மூக்கு, உன் அவசரம்.

உயிரோடு இருந்தபோது நீ காதில் வாங்கிக்கொள்ளாததை இப்போதாவது கேள். சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடுவது இதுதான். எஞ்சின் வேகம் ஏற ஏற, இதற்குள் இருக்கும் இரண்டு எடைகளும் விரிந்து, ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிக்கவைக்கும். எவ்வளவு முன்னால் என்பதைத் தீர்மானிப்பது ஒரு சின்னக் காடி, தகட்டில் நீளவாக்கில் வெட்டிய பள்ளம். அதில் நகரும் முளை எங்கே முட்டி நிற்கிறதோ அதுதான் எல்லை. காடி நீண்டால் ஸ்பார்க் அளவு மீறி முந்தும், மேலேறி வரும் பிஸ்டனின் தலையிலேயே நெருப்பு இறங்கும்.

நம் மலைக்காரர்களுக்கென்றே ஒரு கிறுக்கு உண்டு. வண்டியை இங்கேயே டியூன் பண்ணி, இங்கேயே ஓட்டிப் பார்த்து, நம்பிக் கீழே கொண்டுபோவோம். இங்கே காற்று மெலிசு, குளிர் வேறு. ஸ்பார்க் டைமிங்கை எவ்வளவு முன்னால் ஏற்றினாலும் எஞ்சின் முனகாது. கல்லாறு தாண்டி, மேட்டுப்பாளையத்து வெக்கையில்தான் அதன் சுயரூபம் தெரியும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும். அதோடு விட்டால் பிழைத்தோம்.

அதற்காகத்தானே அந்தக் காடியில் வெல்டு வைத்து நீளத்தைக் குறைத்துக் கொடுத்தேன்? கோத்தகிரி வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, "என்னடா இது, வண்டிக்கு மூக்கணாங்கயிறு போட்டுட்டே!" என்று கத்தினாய். "மேல நல்லாத்தானே ஓடுச்சு, கீழ போனா மட்டும் என்ன வந்துருமாம்?" என்றாய். எனக்குத் தெரியாமல் அரத்தை எடுத்து வெல்டை ராவித் தள்ளிவிட்டு மலை இறங்கினாய்.

மேட்டுப்பாளையம் தாண்டி நேர்ரோட்டில், முழு வேகத்தில், பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரங்கள் அப்படியே இறுகிவிட்டன. அப்புறம் புளியமரம். அங்கே இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் என்னிடம் சொன்னார்: "அந்தக் கார் வரும்போதே கலகலன்னு ஒரு சத்தமுங்க. ஓட்டறவருக்கு எப்படிக் கேக்காமப் போச்சுன்னு தெரியலீங்க." சைலன்சரைக் கழற்றி எறிந்தவனுக்கு எங்கே கேட்கும்?

நேற்றுத் திறந்தபோது நீ ராவிய தடம் அப்படியே பளபளத்தது. அடப்பாவி, செத்தும் கெடுக்கிறாயே என்று வாய்விட்டே திட்டினேன். மறுபடி வெல்டு வைத்து, அளவாக ராவி, உன் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விபத்து என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க மாமா" என்றாள். நம்பினேன்.

இன்று சாயங்காலம் வண்டியோடு வந்தாள். வெளியே பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஆக்சிலேட்டரை அழுத்தியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் நகக்கண்ணில் இரும்புத்தூள் இருந்தது.

"ராவினியா கண்ணு?"

"ஓட்டிப் பாத்தனுங்க, மூச்சு முட்டுச்சுங்க மாமா. அதான் லேசா... ரொம்ப இல்லீங்க. இங்க நல்லாத்தானுங்க ஓடுது."

கழற்றிக் கொடு என்று கத்தினேன். சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி டைமிங்கையாவது இறக்கு என்றேன். "பாத்துக்கலாமுங்க" என்றாள். உன் ரத்தமல்லவா! விடிந்ததும் கிளம்புகிறாளாம்.

"அப்ப நானும் வர்றேன் சாமி" என்றேன்.

"மலை எறங்குனா உங்களுக்கு வாந்தி வருமேங்க மாமா!" என்று சிரித்தாள்.

வரட்டும். அந்த இளநீர்க்காரர் சொன்ன சத்தத்தை நான் நேரில் கேட்டதில்லை. ஆனால் நீ போனதிலிருந்து அது என் காதை விட்டுப் போகவில்லை, கெட்டிலில் தண்ணீர் கொதித்தால்கூடத் திடுக்கிடுகிறேன். இவளும் சைலன்சரைக் கழற்றிவிட்டாள். காதால் கேட்க முடியாது, டேஷ்போர்டில் கை வைத்துத்தான் அதிர்வைப் பிடிக்கவேண்டும். பிடித்ததும், சக்கரம் இறுகுவதற்குள் கிளட்சை மிதி என்று நான் கத்துவது அவளுக்குக் கேட்குமா என்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறதடா.

எடை குறைக்கிறேன் என்று வண்டியில் ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். நான் உட்காரப்போகும் பக்கத்தில் சீட் பெல்ட் இல்லை. அவள் பக்கம் இருக்கிறது. அவள் கவனிக்காதபோது அதைப் பலமாக இழுத்துப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருக்கிறது.