கடலுக்கு ஒருநாள் நடை மிச்சம்

என் அன்பு மச்சாளுக்கு,

உங்கள் மழைக்கோட்டு எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டு வாசலில் நனைந்துபோய்த் தொங்குகிறது. நான்தான் போட்டுக்கொண்டு போனேன், கோபிக்காதீர்கள். நீங்கள் போனபிறகு அதை மடித்து வைக்க எனக்கும் மனம் வரவில்லை, உங்கள் தம்பியான என் மனிசனுக்கும் மனம் வரவில்லை. முந்தாநாள் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கை கொஞ்சம் நீளம். மற்றப்படி அளவாகத்தான் இருந்தது.

சவுத் டவுன்ஸ் மலையில் நாங்கள் முடிக்காமல் விட்டுவந்த கடைசி நாள் நடைக்குத்தான் போனேன். தனியே. நம்புகிறீர்களா?

எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை. நடக்கும் நாட்களில் வரைபடம் உங்கள் கையில் இருக்கும், வழிக்குறிப்பு என் கையில் இருக்கும். நான் வாசிப்பேன், நீங்கள் வழி பார்ப்பீர்கள். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது அந்த வரைபடத்தை நான் வாங்கிப் பார்த்தேனா? இல்லை. நீங்கள் இருக்கிறீர்களே என்ற நினைப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டூட்டிங்கில் நீங்கள் பாடசாலைச் சமையலறையில் வேலை செய்த காலம். நாள் முழுக்கக் காலில் நின்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவர், விடுமுறைக்கும் நடக்கப் போகிறேன் என்று வந்து நின்றீர்கள். வழிகாட்டி என்று ஒருவரும் கூட வரமாட்டாராம். நடைப் பயணக் கம்பனி ஒன்று வரைபடத்தையும் வழிக்குறிப்பையும் தபாலில் அனுப்புமாம். ராத் தங்க வீடுகளைப் பதிந்து தருமாம். பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றி அடுத்த ஊரில் இறக்கிவிடுமாம். நடப்பது மட்டும் எங்கள் வேலை.

உங்கள் தம்பி சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? "ஊரிலை இடம்பெயர்ந்து நடந்தது காணாதே அக்கா? இஞ்சை காசு குடுத்தும் நடக்கோணுமே?"

"அது துரத்திக் கலைக்க நடந்தது. இது நானா நினைச்சு நடக்கிறது. உன்ரை மனிசியையும் கூட்டிக்கொண்டு போறன்" என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இல்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன், அதுவும் உங்களுக்குத் தெரியும்.

அப்போது நான் பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் தனியே போகாதவள். யாழ்ப்பாணத்தில் ஒரு பின்னேரம் வெளியே போன என் அண்ணை திரும்பி வரவில்லை. அதன் பிறகு, தெரியாத தெரு, ஒழுங்கை என்றாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதைப் பற்றி நீங்கள் ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. காலுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கித் தந்தீர்கள், அவ்வளவுதான்.

அந்த முதல் நடையின் முதல் நாளே பாதை ஒரு கோதுமை வயலுக்கு நடுவாலே போனது. நான் ஓரத்தில் நின்றுவிட்டேன். வேலிக் கதியால் கம்பை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகக் கோடு கச்சேரி ஏறி வழக்காடிய சனம் அல்லவா நாங்கள்? யாரோ ஒருவனின் காணிக்குள் எப்படிக் கால் வைப்பது?

"மச்சாள், நாயை விட்டுக் கலைப்பாங்கள்."

"வரைபடத்திலை இந்தப் பச்சைக் கோடு கிடக்கெல்லே? இதாலை போறதுக்கு ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை. நீர் குறிப்பை வாசியும்."

வாசித்தேன். நீங்கள் அந்தக் காணிக்குச் சொந்தக்காரி மாதிரி முன்னால் நடந்தீர்கள். உங்கள் முதுகைப் பார்த்தபடி நானும் வந்தேன். எந்த நாயும் வரவில்லை.

வரைபடத்தை நீங்கள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பிடிக்கும்போது நான் சிரிப்பேன். "நிலம் திரும்பாது. நாங்கள்தான் பேப்பரைத் திருப்போணும்" என்பீர்கள். நிற்கும் இடத்தில் பெருவிரலை வைத்து, நடக்க நடக்க விரலையும் நகர்த்துவீர்கள். மத்தியானம் ஒரு கல்லில் குந்தி, பாணுக்குள் இடிசம்பலை வைத்துத் தின்னும்போதுகூட மற்றக் கையின் விரல் அந்த இடத்தை விட்டு அசையாது.

செம்மறிகளின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? எங்கள் ஊரில் வேலிக் கதவை, படலையைத் திறந்து விட்டால் ஆடு புகுந்து தோட்டத்தைத் தின்றுவிடும், பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அந்தப் பழக்கத்தில் நான் உங்கள் பின்னால் வந்தபடி, கடந்த படலைகளையெல்லாம் பூட்டிக்கொண்டே வந்தேன். அகலத் திறந்து கிடந்த ஒன்றையும் விடவில்லை. இழுத்துச் சாத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு.

கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் அந்தக் காணியின் கமக்காரர் வந்து நின்றார். செம்மறிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியாம் அது. நீங்கள் ஒரு அடி முன்னுக்கு வந்து, எங்கள் ஊரில் படலையைத் திறந்து விடுகிறவர்தான் குற்றவாளி என்று உங்கள் சமையலறை இங்கிலிஷில் விளக்கினீர்கள். அந்த மனிதர் சிரித்துவிட்டார். போகிற வழியில் தானே அவிழ்த்து விடுவதாகவும் சொன்னார்.

நீங்கள் விடவில்லை. "கட்டினது நாங்கள். அவிழ்க்கிறதும் நாங்கள்தான்" என்று, ஏறி வந்த மலையை என்னோடு திரும்ப இறங்கினீர்கள். ஒரு வார்த்தை ஏசவில்லை. செம்மறிகள் முண்டியடித்துக்கொண்டு தொட்டிக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகுதான் சொன்னீர்கள்: "இருந்தபடி விட்டிட்டு வரோணும். பூட்டிக் கிடந்தாப் பூட்டினபடி, திறந்து கிடந்தாத் திறந்தபடி." உங்களைப் போல ஒரு மனிசியை நான் கண்டதில்லை, மச்சாள். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

வருடா வருடம் இப்படி நடந்தோம். போன இலையுதிர் காலம், சவுத் டவுன்ஸில் கடலுக்கு ஒருநாள் நடைதான் மிச்சம் இருந்தது. மேட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கினீர்கள். டாக்சி பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தோம். "கடல் எங்கை போகப்போகுது? வாற வருசம் பாப்பம்" என்றீர்கள். மாரிக் குளிர் முடியுமுன்னே உங்கள் இதயம் நின்றுவிட்டது.

இந்த ஏப்ரலில் அந்த ஒரு நாளை மட்டும் பதிந்தேன். "தனியப் போகாதையும், நானும் வாறன்" என்றார் உங்கள் தம்பி. அவருடைய முழங்கால் மாடிப்படிக்கே அழும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

மேலே போனதும் பனிப்புகார் மூடிவிட்டது. பாதை இரண்டாகப் பிரிந்தது. வேலியோடு போகச் சொன்னது குறிப்பு. அங்கே வேலியே இல்லை. ஆளும் இல்லை, சத்தமும் இல்லை. பழைய நெஞ்சடிப்பு வந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். "மச்சாள்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

பிறகு குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன். என் வலப்பக்கம் ஒரு பற்றைக்காடு மங்கலாகத் தெரிந்தது. வரைபடத்தில் இருந்த காடும் என் வலப்பக்கம் வரும்வரை பேப்பரைத் திருப்பினேன். பெருவிரலை வைத்தேன். பச்சைக் கோடு இடப்பக்கப் பாதையில் ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முன்னால் பார்த்து நடக்க முதுகு ஒன்றும் இருக்கவில்லை.

கொஞ்சத் தூரத்தில் ஒரு படலை திறந்து கிடந்தது. கை தானாகக் கயிற்றுக்குப் போனது. கையை எடுத்துவிட்டேன். திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கினேன். புகார் விலகி, வெள்ளைப் பாறைகளுக்குக் கீழே கடல் தெரிந்தது. விளிம்புக்குக் கிட்டப் போகவில்லை, பயப்பிடாதீர்கள். உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு புல்லில் இருந்து, பாணும் சம்பலும் தின்றபடி நன்றாக அழுதேன்.

ஆவணியில் உங்கள் தம்பியின் முழங்காலுக்கு வைத்தியம் முடிந்துவிடும். அவரையும் கூட்டிக்கொண்டு அந்த மலைப்பாதையின் முதல் நாளிலிருந்து கடல்வரைக்கும் நடப்பேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அவரைக் கேட்கவில்லை, கேட்டால் மாட்டேன் என்பார். குறிப்பை அவர் வாசிக்கட்டும். வரைபடம் என் கையில் இருக்கும்.

உங்கள் முதுகைப் பார்த்தே நடக்கப் பழகிய,
உங்கள் தம்பியின் மனிசி, உங்கள் மச்சாள்.