மல்லாவியில் கண்ட முதிரைக் கதவு

ஐயா,

நேற்று மல்லாவியில், நீங்கள் செய்த கதவை உங்கள் மகள் நான் தட்டினேன். கறவை மாடு ஒன்று விலைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போன இடம், முன்பின் தெரியாத வீடு. தட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. கதவின் நான்கு மூலைகளிலும் துளைகள். அவற்றை அடைத்த வேப்பங்கட்டைகள் முதிரை மரத்தின் மஞ்சளில் தனியாகத் தெரிந்தன. வேறு யார் கதவில் அப்படி இருக்கும்?

நாம் இருந்த ஸ்கந்தபுரத்தில் குளம் நிரம்பி வான் பாய்ந்து பாதையை மூடிய மாரி அது. ஊரே வீட்டுக்குள் ஒடுங்கியிருக்க, நீங்கள் வாசல் கதவைக் கழற்றி, மூலைக்கு மூலை துளையிட்டு, வெறும் எண்ணெய்ப் பரல்களைக் கட்டி மிதவையாக்கி வெள்ளத்தில் இறக்கினீர்கள். "அக்கரையில என்ன நடக்குதெண்டு பாத்திட்டு வாறன்." அம்மா கரையில் நின்று கத்தினார்: "இந்த மனிசனுக்கு விசர்! வாசல் ஆவெண்டு கிடக்கு, இவர் கதவில ஏறிச் சவாரி போறார்!" பின்னேரம் ஒரு பூசணிக்காயோடு திரும்பினீர்கள். துளைகளை வேப்பங்கட்டையால் அடைத்தும், நனைந்து ஊதிய கதவு தை மாதம் வரை நிலையில் பொருந்தவில்லை. அதுவரை அம்மாவும் உங்களோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

எட்டுப் பேர் குடும்பத்தைத் தச்சு உளி பிடித்து வளர்த்தீர்கள். ஆனால் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத ஓடாவி. நல்ல மரம் நிற்கிறதென்று யாராவது சொன்னால் போதும், சைக்கிளோடு காட்டுக்குள் இறங்கிவிடுவீர்கள். மூன்றாம் நாள் யானை துரத்திய கதையோடு வருவீர்கள். ஒவ்வொரு முறையும் யானை கொஞ்சம் பெருத்திருக்கும்.

பிறகு போர் வந்து இடம்பெயரும்போது எல்லோரும் கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். நீங்கள் கதவையும் நிலையையும் கழற்றினீர்கள். தறப்பாள் கொட்டிலுக்கு முதிரைக் கதவு மாட்டிய மனிதர் வன்னியில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். பிளேட்டால் கிழித்துக்கொண்டு வரக்கூடிய கொட்டிலுக்குக் கதவு எதற்கு என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "என்ர பிள்ளையள் இருக்கிற இடத்துக்கு வாறவன் தட்டிப்போட்டு வரட்டும்" என்றீர்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் அந்தக் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குப் பயம் விட்டது.

கடைசி முறை இடம்பெயர்ந்தபோது ஷெல் கிட்டக்கிட்ட விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் கதவின் பிணைச்சல் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினேன்: "கதவோ, பேத்தியோ? ஒண்டைச் சொல்லுங்கோ!" என்னை ஒருமுறை பார்த்தீர்கள். திருப்புளியை நிலத்தில் வைத்தீர்கள். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தீர்கள். பிறகு முகாமிலும் சரி, ஊர் திரும்பி வெறும் சுவரைப் பார்த்தபோதும் சரி, கண்மூடும் வரை அந்தக் கதவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றுவரை என்னைத் தின்கிறது.

நேற்றுக் கீழ்ப் பிணைச்சல் கிறீச்சிடக் கதவைத் திறந்தவள் என்னைவிட இளையவள். கதவு ஏது என்று கேட்டேன்.

"மீளக் குடியேறி வரேக்க சுவர் மட்டும்தான் அக்கா நிண்டது. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோட எப்பிடி இருக்கிறது? றோட்டுக்கரையில கிடந்ததெண்டு இவர் தூக்கிக்கொண்டு வந்தவர். இதைச் சாத்தின பிறகுதான் பிள்ளையள் நித்திரை கொண்டதுகள்."

"எங்கட ஐயா செய்த கதவு" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப கொண்டு போங்கோ அக்கா. உங்கட சாமான்தானே."

ஆசை இல்லையென்று சொன்னால் பொய். என் வீட்டில் இருப்பது காற்றுக்கு அடித்துக்கொள்ளும் தகரக் கதவு. உங்கள் கதவைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது.

"வேண்டாம் தங்கச்சி. கீழ்ப் பிணைச்சலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, மாட்டையும் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வழியெல்லாம் உங்களோடுதான் கதைத்துக்கொண்டு வந்தேன், ஐயா. கதவு பிழைத்துவிட்டது, அதன் பின்னால் இரண்டு பிள்ளைகள் பயமில்லாமல் உறங்கி வளர்ந்திருக்கிறார்கள் என்று உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால், அன்றைக்கு விட்டுவிட்டு வரச் செய்ததற்காக இப்போதாவது என்னை ஒரு வார்த்தை ஏசுவீர்கள். அந்த ஏச்சுக்குத்தான் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறேன்.